எண் இல்லாத விடைத்தாள்

பிப்ரவரி 27, வெள்ளி

1. இதை எழுதுபவன் நான்: வயது நாற்பத்தெட்டு, இருபத்திரண்டு ஆண்டுகளாக வழக்கறிஞர், மகள் படிக்கும் பள்ளிக்கு ஆறு ஆண்டுகளாகச் சட்ட ஆலோசகர்.

2. ஒன்பதாம் வகுப்பில் படிக்கும் ஒரே மகளுக்குத் தகப்பன்.

3. மேற்கண்ட இரண்டும் இதுநாள்வரை ஒன்றோடொன்று மோதியதில்லை.

பள்ளியிலிருந்து அறிவிப்பு வந்திருக்கிறது. மார்ச் 10 அன்று எல்லாப் பள்ளிகளுக்கும் பொதுவான திறனறித் தேர்வு. அது முடிந்ததும் மாணவர் கருத்தாய்வு, அறுபத்தோரு கேள்விகள். அடியில் இரண்டு கட்டங்கள்: ஒன்று தேர்வை மறுக்க, மற்றொன்று கருத்தாய்வை மறுக்க. ஏழு நாட்களுக்குள் எழுத்துமூலம் மறுக்காத பெற்றோர் சம்மதித்ததாகவே கொள்ளப்படுவர். வாசகத்தில் ஓட்டை எதுவும் இல்லை. வரைந்தவன் நான்தான்.

மார்ச் 2, திங்கள்

கேள்விகளைப் பெற்றோர் பார்வையிடலாம், பள்ளி அலுவலகத்தில் உட்கார்ந்து, நகல் எடுக்காமல். போய்ப் பார்த்தேன். எழுத்தரம்மா எதிரே உட்கார்ந்து என் கையையே கவனித்துக்கொண்டிருந்தார்.

"இத்தனை வருஷத்துல இதைப் படிக்கன்னு வந்த முதல் ஆள் நீங்கதான் சார். மத்தவங்க நோட்டீஸையே படிக்கிறதில்ல."

முதல் முப்பது கேள்விகள் சாதுவானவை. தூக்கம், சாப்பாடு, வீட்டுப்பாடம். பிறகு, 34: 'மனம் நொந்து, உன்னை நீயே காயப்படுத்திக்கொண்டது உண்டா?' ஆம், இல்லை.

தாளில் பெயர் இராது, எண் இருக்கும். எண்ணுக்கு எதிரே பெயர் எழுதிய பதிவேடு இரும்பு பீரோவில் இருக்கும். பீரோவுக்குச் சாவி உண்டு; சாவிக்கு ஆள் உண்டு.

பழைய வழக்கு ஒன்று நினைவுக்கு வந்தது: பதினொரு வயதில் ஒரு பெண் பள்ளி மனநல ஆலோசகரிடம் எழுதிக் கொடுத்த இரண்டு வரி, அவளுடைய முப்பதாவது வயதில், குழந்தை யார் பொறுப்பில் இருக்க வேண்டும் என்ற வழக்கில், நீதிமன்றத்தில் உரக்க வாசிக்கப்பட்டது. அவள் கூண்டின் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். வாசித்தவன் நான். அந்த வழக்கில் ஜெயித்தோம்.

என் மகளின் எந்த வரியும் எந்த பீரோவிலும் இருக்கக் கூடாது.

மார்ச் 3, செவ்வாய்

சாப்பாட்டு மேஜையில் தெரிவித்தேன். தேர்வு எழுதலாம், கருத்தாய்வு வேண்டாம்.

"எல்லாரும் எழுதுவாங்கப்பா. நான் மட்டும் லைப்ரரில போய் உட்காரணுமா?"

"உன் நல்லதுக்குத்தான் பாப்பா. அதெல்லாம் தேவையில்லாத கேள்வி."

"யாருக்குத் தேவையில்ல?"

யோசித்துச் சொல்கிறேன் என்றேன். மனைவிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "ஏங்க, வீட்டுக்குள்ளயும் வாய்தாவா?"

நானும் சிரித்தேன். மகள் சிரிக்கவில்லை. இதை எழுதும்போதுதான் கவனிக்கிறேன்.

மார்ச் 4, புதன்

மறுப்பைக் கொடுத்து, தேதியிட்ட ஒப்புகை வாங்கிவிட்டேன்.

மார்ச் 10, செவ்வாய்

தேர்வு முடிந்தது. கணக்கு சுலபமாம். கருத்தாய்வு நடந்த நாற்பது நிமிடமும் நூலகத்தில் என்ன செய்தாய் என்று கேட்டேன். "சும்மா இருந்தேன்."

மார்ச் 12, வியாழன்

முறையாக எழுத முயல்கிறேன்.

பிற்பகல் நீதிமன்றத் தாழ்வாரத்தில் நின்றபோது தலைமை ஆசிரியை அழைத்தார். "சார், ஒரு சட்டச் சந்தேகம்." அவர் சொன்னது: ஒன்பதாம் வகுப்பு 'பி' பிரிவில் பிள்ளைகள் முப்பத்திரண்டு. ஒருவருக்கு மறுப்பு. ஆகவே எண்ணிட்ட தாள்கள் முப்பத்தொன்று. முப்பத்தொன்றும் நிரப்பப்பட்டுத் திரும்பி வந்துவிட்டன. ஆனால் விடைத்தாள் கட்டுக்குள் முப்பத்திரண்டு தாள்கள். கூடுதலாக இருக்கும் தாளில் எண் இல்லை. உபரித் தாள்கள் நூலக மேஜையில் இருந்தனவாம், அதிலிருந்து ஒன்று. அறுபது கேள்விகள் காலி. ஒரே ஒரு கேள்விக்கு மட்டும் பதில்.

34. ஆம்.

"நம்ம மனநல ஆலோசகர் மேடம் பாத்துட்டுப் பதறிப் போயிட்டாங்க. யாருன்னு விசாரிக்கலாமா சார்? விதி இடம் கொடுக்குமா?" சற்று நிறுத்தி, மெதுவாக: "எந்தப் பிள்ளைன்னு நான் சொல்லல சார்."

என் மூளை நின்றுவிட்டது; வாய் மட்டும் பழக்கத்தில் பேசியது. மறுப்புள்ள பிள்ளையின் தாள் எனில், விதி ஆறின்படி, வாசிக்காமல் அழிக்க வேண்டும். அதுவும் நான் வரைந்த விதிதான்.

"வாசிச்சாச்சே சார்."

நாளை எழுத்தில் தருகிறேன் என்று வைத்துவிட்டேன். வாய்தா.

வேறு யாராவது விளையாட்டாக இரண்டு தாள் எழுதியிருக்கலாம் அல்லவா? எழுதியிருக்கலாம். விளையாடுகிறவர்கள் அறுபத்தொன்றுக்கும் கிறுக்குவார்கள். ஒன்றோடு நிறுத்த மாட்டார்கள்.

ஐந்து மணிக்கு வீட்டுக்கு வந்து திருப்புளியை எடுத்துக் குளியலறைத் தாழ்ப்பாளைக் கழற்றினேன். மனைவி வந்து நின்றாள். "என்ன பண்றீங்க?" துருப்பிடித்திருக்கிறது என்றேன். புதுத் தாழ்ப்பாள். பளபளவென்று என் உள்ளங்கையில் கிடந்தது.

மகள் கூடத்தில் காலை நீட்டி உட்கார்ந்து ஏதோ வரைந்துகொண்டிருந்தாள். பென்சில் சீவினாள். நான் அந்தச் சீவியின் பிளேடையே பார்த்துக்கொண்டு... ஐயோ, என் குழந்தை. எப்போ? எங்கே? நான் எந்தக் கேஸ் கட்டைப் பிரிச்சு வச்சுட்டு உக்காந்திருந்தேன்?

மார்ச் 13, வெள்ளி

விடிந்ததும் மனைவியிடம் சொன்னேன். அடுப்பை அணைத்துவிட்டுத் தரையிலேயே உட்கார்ந்துவிட்டாள்.

"நீங்க வேணாம்னதாலதான் திருட்டுத்தனமா எழுதியிருக்கா. சொல்ல ஒரு இடம் இருந்துச்சு அவளுக்கு. அந்தக் கதவையும் சாத்திட்டீங்க." பிறகு, பயந்த குரலில்: "அந்தத் தாளைக் கிழிக்கச் சொல்லிடாதீங்க."

பத்து மணிக்குப் பள்ளிக்கு எழுத்தில் கொடுத்தேன்: இவ்விஷயத்தில் நான் சம்பந்தப்பட்டவன், சட்ட ஆலோசகனாக இருக்கத் தகுதியற்றவன், தகப்பன் என்ற முறையில் என் மறுப்பைத் திரும்பப் பெறுகிறேன், தாளை அழிக்க வேண்டாம். எழுத்தரம்மா ஒன்றும் கேட்காமல் முத்திரை வைத்தார்.

தாள் அடுத்த அறையில் இருந்தது. எனக்குக் காட்டுங்கள் என்று கேட்கவில்லை. என் வாழ்நாளில் ஆவணத்தைப் பார்க்காமல் திரும்பியது இதுவே முதல் முறை.

ஆலோசகர் அம்மையார் வாசல்வரை வந்தார். "தள்ளிப் போடாதீங்க சார். நேராக் கேளுங்க. ஆனா ஒரே ஒரு கேள்விதான் கேக்கணும். கேட்டுட்டு வாயை மூடிக்கணும். உங்களால முடியுமா?"

தெரியாது என்றேன். உண்மை அதுதான்.

மார்ச் 14, சனி

கேட்டேன். அவள் அறையில், கட்டிலின் ஓரத்தில் உட்கார்ந்து.

"பாப்பா, நூலகத்துல ஒரு தாள்ல நீ ஏதாவது எழுதினியா?"

"குறுக்கு விசாரணையா?"

"இல்லம்மா. எனக்குப் பயமா இருக்கு."

நான் அப்படிச் சொல்லி அவள் கேட்டதே இல்லை போலும். முகத்தைத் திருப்பி என்னைப் பார்த்தாள்.

"ரெண்டு தடவைப்பா. டிசம்பர்ல. அப்புறம் இல்ல. ஆனா அப்பப்போ தோணுது."

ஏன், எதனால், யார் என்ன சொன்னார்கள்? நாக்கின் நுனியில் வரிசையாக நின்றன. பற்களைக் கடித்துக்கொண்டேன். சுவரில் கடிகாரம் ஓடியது. அவளே தொடர்ந்தாள்.

"உங்ககிட்ட சொன்னா தேதி கேப்பீங்க. டைம் கேப்பீங்க. கூட யார் இருந்தான்னு கேப்பீங்க. அந்தத் தாள் ஒரு தடவை கேட்டுட்டு சும்மா இருந்துச்சு. அதான்." பிறகு, "தாழ்ப்பாளைக் கழட்டினதும் தெரியும். துருவாம்! உங்களுக்குப் பொய் சொல்லவே வராதுப்பா."

சிரித்தாள். அவள் சிரித்தபோதுதான் நான் அழுதேன். என் முதுகில் இரண்டு தட்டு தட்டினாள், விக்கல் எடுத்தவனைத் தட்டுவதுபோல்.

மனைவியிடம் அவளே போய்ச் சொன்னாள். இருவரும் சமையலறையில் வெகு நேரம் இருந்தார்கள்.

மார்ச் 15, ஞாயிறு

பயம் போகவில்லை. அவள் கதவு மூடும் ஒவ்வொரு முறையும் நொடிகளை எண்ண ஆரம்பிக்கிறேன்.

மார்ச் 17, செவ்வாய்

ஆலோசகர் சொன்ன மனநல மருத்துவரின் வராந்தா. பச்சை நிற பிளாஸ்டிக் நாற்காலிகளில் நான், மனைவி, மகள். உள்ளே போகுமுன் மகள் நோட்டுப் புத்தகத்திலிருந்து ஒரு பக்கத்தைக் கிழித்து நீட்டினாள். "இதுல கையெழுத்துப் போட்டாத்தான் போவேன். சாட்சியும் வேணும். நீங்கதானே சொல்வீங்க, சாட்சி இல்லாத பத்திரம் செல்லாதுன்னு."

துணைக்கு வந்திருந்த ஆலோசகர் அம்மையார் கண்ணாடியைத் தேடி எடுத்தார். "என்னையும் இழுத்துட்டியா?"

காலவரை இல்லை. எதற்கும் வரையறை இல்லை. மீறினால் என்ன என்று இல்லை. இப்படியொரு பத்திரத்தில் கையெழுத்திட எந்தக் கட்சிக்காரரையும் நான் அனுமதித்திருக்க மாட்டேன். 'எந்தத் தேதிவரை' என்று கேட்க வாய் திறந்தது. மூடிக்கொண்டேன். ஓர் எழுத்தும் திருத்தவில்லை.

இப்போது அவள் உள்ளே இருக்கிறாள். கதவு சாத்தியிருக்கிறது. பத்திரத்தின் உண்மை நகல் கீழே:

1. அப்பா வெளியதான் உக்காரணும்.

2. திரும்பிப் போறப்போ கார்ல ஒண்ணும் கேக்கக் கூடாது.

3. நானா சொன்னா கேட்டுக்கலாம். நடுவுல பேசக் கூடாது.

4. அம்மா அழலாம். ஆனா என்னையே பாத்துட்டு அழக் கூடாது.

5. மறுபடி தோணுச்சுன்னா நானே வந்து சொல்றேன்.

(ஒப்பம்) அப்பா

சாட்சிகள்:
1. அம்மா
2. ஆலோசகர் மேடம்