கட்டுப் போட்ட விரலால் அளந்த தொட்டில்

அன்பு மகளுக்கு அம்மா எழுதுவது. உடம்பளவில் இங்கே இருவருக்கும் ஒரு குறையும் இல்லை, நீயும் மாப்பிள்ளையும் பேரனும் அப்படியே இருக்க வேண்டும். மனசுதான் இரண்டு நாளாக நிலைகொள்ளவில்லை.

நீங்கள் வருவது தெரிந்த அன்றே உன் அப்பா பேரனுக்குத் தொட்டில் செய்ய உட்கார்ந்துவிட்டார். அவரைத்தான் உனக்குத் தெரியுமே, காகிதத்தில் ஒரு கோடு போட மாட்டார், எல்லாம் சாண் கணக்கு, கண் நிதானம். உன் படிப்பு மேசை ஆடியதற்குத் தரை சரியில்லை என்று சாதித்த மனுஷர். படம் போட்டுக்கொண்டு செய்யுங்கள் என்று தலைபாடாக அடித்துக்கொண்டேன், நீ உப்பை அளந்தா போடுற என்று என் வாயை அடைத்துவிட்டார். முந்தாநாள் வேலை முடிந்தது, பொய் சொல்லக் கூடாது, பார்க்க லட்சணமாகத்தான் இருந்தது. பத்து கிலோ மாவு மூட்டையைப் படுக்கவைத்து ஆட்டினார். மூன்றாவது ஆட்டத்தில், தொட்டிலைத் தூணில் மாட்டியிருந்த ஒரு பக்கத்து முளை கழன்று, மூட்டை தலைகுப்புற விழுந்து வெடித்தது. அது மாவாகவே தெரியவில்லையடி எனக்கு. அவர் நீட்டிய கையை மடக்காமல் அப்படியே நின்றார்.

அப்புறம் நான்தான் டேப்பை எடுத்து அளந்தேன். இடது தூணின் துளை வலதைவிட ஒரு விரல் கீழே இருந்தது. வலப்பக்கத்தை வலது கையாலும் இடப்பக்கத்தை இடது கையாலும் சாண் போட்டிருக்கிறார். இடது கட்டைவிரலில் உளி பட்டுக் கட்டுப் போட்டிருந்ததே, அந்தச் சாண் எப்படி விரியும்? இதற்குச் சிரிப்பதா அழுவதா சொல். அன்றிலிருந்து சரியாகச் சாப்பிடவில்லை, கடையில வாங்கிடலாம், என் கையால வேண்டாம் என்று ஒரே பேச்சு. எனக்கும் பயம்தான், ஆனாலும் அந்த முகத்தைப் பார்க்க முடியவில்லை. இன்று காலையில் பார்த்தால் உன் பழைய கட்டம் போட்ட நோட்டும் ரப்பருமாகக் கூடத்தில் உட்கார்ந்திருக்கிறார். கல்யாணமான நாளிலிருந்து அவர் கையில் ரப்பரை நான் கண்டதில்லை. நாலு பக்கம் வரைந்தவர் ஐந்தாவதில் நின்றுவிட்டார், பேரன் எவ்வளவு நீளம் என்று கேட்டார். எனக்கும் தெரியவில்லை. போட்டோவில் பார்த்ததுதானே, தூக்கியா பார்த்தோம்.

இத்துடன் ஒரு நூல் வைத்திருக்கிறேன். அவன் தூங்கும்போது உச்சியிலிருந்து குதிகால்வரை பிடித்து, முடிச்சுப் போட்டு அனுப்பு. எண்ணாக எழுதாதே, நூலே வேண்டுமாம். வருவதற்குள் வளர்ந்துவிடுவானே என்றேன், அதுக்கு நாலு விரல் சேர்த்திருக்கேன் என்றார், பிறகு நோட்டில் நாலு விரல் என்றிருந்ததை அழித்துவிட்டு மூன்று அங்குலம் என்று எழுதினார். மூவரும் நூறு வயது நன்றாக இருங்கள். முடிச்சை இறுக்கிப் போடு, அவிழ்ந்துவிடப் போகிறது.

உன் அம்மா
(அப்பா பென்சில் சீவுகிறார்)