வெள்ளைக் காகிதமும் உன் கண்ணும்

மாப்ள,

காலையில் ராஜபாளையத்துக் கடையைத் திறந்ததுமே சோழபுரத்துக் கல்யாண வீட்டிலிருந்து போன். “தம்பி, அந்தப் பழைய படக் கலரு வேண்டாம். எல்லாருமே சீக்காளி மாதிரி இருக்கோம். எடுத்தபடியே குடுத்துருங்க.” விண்டேஜ் வேண்டும் என்று நச்சரித்ததே அவர்கள்தான். முனகிக்கொண்டே வீடியோவைத் திறந்து எஃபெக்டை எடுத்தேன். முதல் காட்சியில் நீ நின்றாய்.

எந்தக் கல்யாணத்துக்குப் படமெடுக்கப் போனாலும், கலர் சரிபார்க்க ஒரு வெள்ளைக் காகிதத்தைக் கன்னத்தோடு ஒட்டிப் பிடித்து நீயே கேமரா முன் நிற்பாய். காகிதம் போதாதா, மூஞ்சி எதுக்கு என்றால், “மாப்பிள்ளைக்கு முந்தி நாம ஒரு ஷாட் நின்னுக்கிடுவோம்லே” என்பாய்.

இன்று பார்க்கிறேன், காகிதம் பளிச்சென்று வெள்ளையாக இருக்கிறது. உன் கண் இரண்டும் மஞ்சள். மஞ்சள் என்றால் அப்படியொரு மஞ்சள்!

அன்று இதே காட்சியைப் பார்த்துவிட்டு நான் என்ன சொன்னேன், ஞாபகம் இருக்கிறதா? “ஏலே, ஒன் கேமரால மஞ்ச தூக்கலா வருது.” நீ சிரித்தாய். “பழைய கலருதான கேட்டாக? ஒனக்கு வேல மிச்சம்.” நானும் சிரித்து, எல்லாவற்றுக்கும் மேல் விண்டேஜைப் போட்டு மூடினேன். நீ என் பக்கத்து ஸ்டூலில்தான் இருந்தாய். வாங்கி வந்த புரோட்டாவைக்கூட, “பசியே இல்லல, நீ தின்னு” என்று தள்ளிவிட்டாய். திரையையே பார்த்துக்கொண்டிருந்த பாவி நான், ஒருமுறைகூடத் திரும்பி உன்னைப் பார்க்கவில்லை.

பத்தே நாள். மதுரையில் டாக்டர், ஈரல் போய்விட்டது, முன்பே வந்திருக்க வேண்டும் என்றார்.

நீ போன அன்று துஷ்டி வீட்டில் உன் மனைவி கேட்டாள், “அண்ணே, நீங்க கூடவேதான இருந்தீக, ஒன்னுமே தெரியலயா?”

“ஒன்னும் தெரியலத்தா” என்றேன். அப்போது அது பொய்யென்று எனக்கே தெரியாது.

மாலை போட ஒரு நல்ல போட்டோ வேண்டும் என்றும் சொல்லியிருந்தாள். நீ வாய்நிறையச் சிரிப்பது இந்தக் காட்சியில்தான். கண்ணை வெள்ளையாக்க ஒரு நிமிஷம் போதும். மாற்றவில்லை, மாப்ள. காலையிலிருந்து கடைக்கு வருகிறவர்களின் கண்ணைத்தான் முதலில் பார்க்கிறேன். இனி சாகும்வரை இது என்னை விடாது.

நாளை ஸ்ரீவில்லிபுத்தூருக்கு, உன் வீட்டுக்குப் பஸ் ஏறுகிறேன். படத்தைக் கொடுத்து, என் கண்ணில் பட்டது, நான்தான் கேமராக் கோளாறு என்று நினைத்தேன் என்று சொல்லிவிடுவேன். அதன்பிறகும் அவள் என்னை அண்ணே என்று கூப்பிடுவாளா, தெரியவில்லை.