அம்மா என்ன வேலை

12.3.2003 புதன்

காலையில் பனி. பத்து மணிக்கு மேல் சுள்ளென்று வெயில். பாடசாலைக்கு அரைநாள் லீவு. அம்மாவோடு பதுளை ஆஸ்பத்திரி.

அம்மாவுக்கு இரண்டு நுரையீரலிலும் கட்டி, பக்கத்துக்கு ஒன்று. போன வருடம் தொடையில் எடுத்ததுதான் பரவியிருக்கிறது. கொழும்பிலிருந்து வரும் டொக்டர், யாழ்ப்பாணத்தவர், பொறுமையாகச் சொன்னார். வழி இரண்டு. நடுநெஞ்சு எலும்பைப் பிளந்து இரண்டையும் ஒரே தடவையில் எடுக்கலாம். அல்லது விலாவில் வெட்டி முதலில் வலது, சில வாரம் கழித்து இடது. விலா வழியில் கட்டி நன்றாக எட்டுமாம். ஆனால் முதுகுத் தசை வெட்டுப்படும், தோள் பலம் குறையும்.

“அம்மா என்ன வேலை செய்யிறவா, டீச்சர்?”

“வேலைக்குப் போறேல்ல டொக்டர். வீட்டிலதான் இருக்கிறா.”

அவருடைய தமிழிலேயே சொன்னேன். ஸ்டாஃப் ரூமில் பழகிய நாக்கு. அப்படியென்றால் விலா வழியே என்று எழுதிக்கொண்டார். அம்மா தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

சவர்க்காரம் வாங்க மறந்தேன்.

16 ஞாயிறு

ஸ்பிரிங்வெளி தோட்டம், எங்கள் லயத்து வீடு. மழை இல்லை. அம்மா சொல்லச் சொல்லக் கேட்காமல் தேயிலைக் கொழுந்து பறிக்கப் போய்விட்டாள். மேட்டிலிருந்து பார்த்தேன். இரண்டு கையும் பறிக்கிறது, தோளுக்கு மேலால் கூடைக்குள் வீசுகிறது, ஓய்வே இல்லை. அந்தத் தோளைத்தான் வெட்டச் சொல்லிவிட்டு வந்திருக்கிறேன். சீ.

டொக்டரிடம் உண்மையைச் சொல்லிவிடுகிறேன் என்றேன், மாலையில்.

“வேணாம் புள்ள. ஒன்னய டீச்சருன்னு மரியாதையா பேசுறாரு.”

கோபம் அவள் மேல் வந்தது. அதுவும் வெட்கக்கேடு.

19 புதன்

தூறல். மறுபடி கிளினிக். அம்மா தலையில் முக்காடு. கூடைக்கயிறு தேய்த்து முடி போன இடம் தெரியக்கூடாதாம்.

ஒப்பரேஷனுக்குச் சம்மதக் கையொப்பம் வாங்கும் முன் டொக்டர் ஒருமுறை கேட்டார், பாரம் தூக்குவதுண்டா என்று. நான் வாயைத் திறப்பதற்குள் அம்மா முந்திக்கொண்டாள்.

“இல்லீங்க ஐயா. வீட்ல சும்மாதாங்க இருக்கேன்.”

சொல்லிவிட்டு என்னைப் பார்த்தாள், சரியாகச் சொன்னேனா என்பதுபோல.

“அம்மா கொழுந்து எடுக்கிறாங்க டொக்டர். நான்தான் பொய் சொன்னேன். அவங்களுக்கு அந்தக் கை வேணுங்க.”

வீட்டுத் தமிழில்தான் வந்தது. டொக்டர் ஸ்கேன் படத்தை மறுபடி வெளிச்சத்தில் பிடித்தார். இரண்டும் முன்பக்கம், நெஞ்சு வழியாகவும் எட்டும் என்றார். எழுதியதை வெட்டினார். முதலே சொல்லியிருக்கலாம் என்றார், அவ்வளவுதான். அவர் முகத்தைப் பார்க்க முடியவில்லை.

பஸ் நிலையத்தில் என் வகுப்புப் பிள்ளைகள். அம்மா என் கையை விட்டுவிட்டாள்.

“நீ முன்னால போ புள்ள. நான் பின்னால வர்றேன்.”

போய்விட்டேன். எங்கள் பஸ்ஸருகே வந்த பிறகுதான் திரும்பிப் பார்த்தேன்.