உம்முடைய வெண்துளைக்காக நான் பேசினேன்

என் அன்பு மச்சாள் சறோ,

எங்கிருந்தாலும் இதைக் கேட்டு வாய்விட்டுச் சிரியும். உம்முடைய வெண்துளைக்காக நான் மேடையேறிப் பேசினேன். ஓம், நானேதான்!

குறிகட்டுவானிலிருந்து நயினாதீவுப் பள்ளிக்கூடத்துக்கு நாம் ஒன்றாகப் படகில் போய்வந்த காலமெல்லாம் உம்மோடு சண்டை பிடித்தவள் நான். நீர் கணித ரீச்சர், நான் விஞ்ஞான ரீச்சர். என் புருஷனின் தங்கை என்பதற்காக ஒருநாளும் விட்டுக்கொடுத்ததில்லை.

"கருந்துளை விழுங்கினதெல்லாம் எங்க போகுது மச்சாள்? இன்னொரு பக்கம் வெண்துளையாலை வெளியில வரத்தானே வேணும்? அப்பிடி வந்தது திரண்டுதான் ஒரு விண்மீன் மண்டலமே பிறக்குது" என்பீர்.

"ஊகத்தை விடும். ஆதாரம் எங்க?" என்பேன். என்ஜின் சத்தத்துக்கு மேலாகக் கத்துவோம். அம்மன் கோயிலுக்குப் போகிற சனம், ஏதோ குடும்பச் சண்டை என்று தள்ளி உட்காரும்.

ஓய்வு பெற்றபின் மடத்துவெளி வாசிகசாலையில் வெண்துளையைப் பற்றிப் பேச உம்மை அழைத்தார்கள். என்ன சேலை உடுப்பது என்றுகூட என்னிடம் கேட்டீர். அதற்குள் நெஞ்சுவலி வந்து உம்மைக் கொண்டுபோய்விட்டது. முப்பத்தோராம் நாள் அந்தியேட்டி முடிந்த கையோடு உம் அண்ணன் சொன்னார்:

"அவள் பேச இருந்ததை நீர்தான் பேசவேணும்."

"எனக்கு அதில நம்பிக்கை இல்லையே!"

"நம்பவேண்டாம். பேசும்."

பேச்சு நடந்த பின்னேரம் வாசிகசாலையில் இருக்கக் கதிரை போதவில்லை. பௌதிகம் படிப்பிக்கும் இளம் விரிவுரையாளர் ஒருவரும் யாழ்ப்பாணத்திலிருந்து வந்திருந்தார். நான் முடித்ததும் எழும்பினார்.

"ரீச்சர், வெண்துளையை ஆராவது கண்டவையோ?"

வருஷக்கணக்காய் நான் உம்மிடம் கேட்ட அதே கேள்வி. ஆனால் வேறொருவர் கேட்டபோது எனக்கு வந்த கோபம்!

"கருந்துளையையும் கனகாலம் கணக்குப் போட்ட கடதாசியிலதான் கண்டவை, தம்பி."

சபை கைதட்டியது. அவரும் சிரித்துவிட்டார்.

"அது சரிதான் ரீச்சர். கருந்துளையே கடைசியில வெண்துளையாய் மாறலாம் எண்டு கணக்குப் போடுறவை இருக்கினம். ஆனா அதிலயிருந்து விண்மீன் மண்டலம் பிறக்கும் எண்டதை நான் ஒத்துக்கொள்ள மாட்டன்."

முதலில் வந்தது கருந்துளையா, அதைச் சுற்றியிருக்கும் விண்மீன் மண்டலமா என்று பெரிய தொலைநோக்கிகளால் பார்ப்பவர்களே இப்போது தலையைப் பிய்த்துக்கொள்கிறார்கள் என்றும் சொன்னார். கேட்டீரா மச்சாள்?

அப்போது உம் அண்ணன் எழும்பினார். "அப்பிடி மாறுறதுக்கு எவ்வளவு காலம் செல்லும்?"

"வெளியில நிண்டு பாக்கிறவைக்குக் கோடானுகோடி வருஷம், ஐயா. உள்ளுக்கு விழுந்ததுக்கு ஒரு கணம்தான் எண்டு சொல்லுகினம்."

உம் அண்ணன் தலையாட்டிவிட்டு உட்கார்ந்தார். வீட்டுக்குத் திரும்புகையில், சைக்கிளை உருட்டிக்கொண்டே, "அப்ப சறோ எங்களை விட்டுப்போய் அவளுக்குக் கன நேரம் ஆகேல்லை, என்ன?" என்றார். நீர் போனபிறகு அன்றுதான் அவர் சிரித்ததைக் கண்டேன். அது பௌதிகம் இல்லை என்று எனக்குத் தெரியும். ஆனாலும் நான் திருத்தவில்லை.

அதற்காக நான் உம் பக்கம் வந்துவிட்டேன் என்று நினைக்கவேண்டாம். விழுங்கினதெல்லாம் வெண்துளையால் வெளியே கொட்டிவிட்டால், விண்மீன் மண்டலத்தின் நடுவில் இன்னும் ஏன் கருந்துளை இருக்கிறது? நீர் இதற்கு என்ன சொல்லியிருப்பீர்? யோசித்து யோசித்துப் பார்க்கிறேன், பதில் பிடிபடுகுதில்லை.

ஒரு வாக்குத் தருகிறேன். ஆராவது உம்மை எதிர்த்தால் நான் உம் பக்கம். எதிர்க்க ஆருமே இல்லையென்றால், நான் எதிர்ப்பேன்.

இன்றும் உம்மோடு ஒத்துப்போகாத,
உம் அண்ணன் பெண்சாதி,
மச்சாள் வசந்தி