மத்தியான சீரியலின் முதல் கேசட்

தாராவி,
12.12.1989

நம் மகளின் அப்பாவுக்கு,

உங்கள் கடிதம் வந்து இரண்டு மாதமாகிறது. நான் நடித்த மத்தியான சீரியலை வீடியோ கேசட்டாக வெளியிட நான் சம்மதிக்கக் கூடாது என்று கெஞ்சியிருந்தீர்கள். நீங்கள் எங்களை விட்டுப்போன ஏழு வருஷத்தில் அதுதான் முதல் கடிதம். மகளைப் பற்றி அதில் ஒரு வரிகூட இல்லை.

கேசட் கம்பெனி மேனேஜருக்கே தயக்கம்தான். "டி.வி.யில வந்து முடிஞ்ச கதைய யாரும்மா வாடகைக்கு எடுப்பா?" என்றார்.

"மத்தியானம் வேலைக்குப் போறவங்க யாரும் பாக்கலியே சார்" என்றேன்.

உங்கள் அம்பர்நாத் மாமனார் வீட்டிலும் எல்லோரும் ஃபாக்டரிக்குப் போகிறவர்கள். அதனால்தான் இதுவரை தப்பித்தீர்கள். "மொத பொண்டாட்டி காமாலையில செத்துட்டா" என்று அவரிடம் அழுதுதானே சர்ச்சில் இரண்டாம் கல்யாணம் செய்துகொண்டீர்கள்? அந்தப் பெண்மேல் எனக்குக் கோபமில்லை. அவளும் ஏமாந்தவள்தான்.

உங்கள் கடிதம் வந்த மறுநாளே கையெழுத்துப் போட்டுவிட்டேன். போன வாரம் கேசட் வந்தது. அட்டையில் என் முகம். முதல் கேசட்டை உங்கள் மாமனாருக்கு ரெஜிஸ்டர் தபாலில் அனுப்பினேன். ஆள் அடையாளம் தெரிய வேண்டுமே என்று நம் கல்யாணப் போட்டோவையும் கூடவே வைத்தேன்.

அவர் அதைக் கையெழுத்திட்டு வாங்கியதற்கான ரசீது இன்று காலை வந்தது. அதற்காகத்தான் பதில் எழுதாமல் காத்திருந்தேன்.

இப்படிக்கு,
உங்கள் மனைவி