துரை விற்கிற மோட்டார்

பாளையங்கோட்டை,
1911 ஜூன் 12.

அத்தான் அவர்களுக்கு, பாக்கியவதி எழுதுவது. கர்த்தர் கிருபையால் நான் சுகம். உங்கள் சுகத்துக்கும் ஜெபிக்கிறேன்.

இரண்டு வருஷமாக எழுதாதவள் இன்று ஏன் எழுதுகிறாள் என்று நினைப்பீர்கள். காரியம் என்னுடையது அல்ல. சேரன்மகாதேவியில் வடிவம்மாள் என்று ஒரு அம்மாள். கணவர் காலமானபின் வயல், தோப்பு எல்லாவற்றையும் தாமே கட்டி ஆளுகிறவர்கள். சனிக்கிழமை தோறும் அவர்களுக்கு இங்கிலீஷ் சொல்லிக்கொடுக்கப் போகிறேன். போன வாரம் சென்னைப் பத்திரிகையை வாசிக்கச் சொன்னார்கள். அதில் ஒரு விளம்பரம். இலங்கை முழுவதிலும் இதைப்போல் இன்னொன்று கிடையாதாம். ரோல்ஸ் ராய்ஸ் என்கிற மோட்டார் வண்டியாம். சீமைக்குத் திரும்புகிற துரை விற்கிறாராம். அடியில் நுவரெலியா, உங்கள் துரையின் பெயர்!

"யாரு ஓட்டுதா அத?" என்றார்கள் அம்மாள்.

"எங்க வீட்டுக்காரங்கதான்" என்று சொல்லிவிட்டேன். அந்த வார்த்தை என் வாயில் வந்து எத்தனையோ நாளாகிவிட்டது.

அன்றுமுதல் ஒரே கேள்விதான். "மாட்டுக்குக் காட்டுத மாதிரி அதுக்கும் தண்ணி காட்டணுமா? செருப்போட ஏறலாமா? ஆத்துல வெள்ளம் போனா எறங்கி நடக்குமா?" திருச்செந்தூருக்கு அதில் போய் இறங்கவேண்டும் என்று ஆசை. தயவுசெய்து விவரம் எழுதுங்கள்.

இப்படிக்கு,
பாக்கியவதி


நுவரெலியா,
1911 ஜூன் 24.

பாக்கியவதிக்கு நேசையா எழுதுவது.

உன் கையெழுத்தைக் கண்டதும் யாருக்கோ சாவு என்று பயந்து, மத்தியானம்வரை கடிதத்தைப் பிரிக்காமல் சட்டைப்பையிலேயே வைத்திருந்தேன். மோட்டார் என்று வாசித்ததும் சிரிப்பு வந்துவிட்டது.

அம்மாளுக்குச் சொல். தண்ணீர் காட்டத்தான் வேண்டும். முன்னால் மூக்குபோல் இருக்கிற இடத்தில் திறந்து ஊற்றவேண்டும். மேடு ஏறினால் இன்னும் கேட்கும். செருப்போடு ஏறலாம். ஆனால் உள்ளே விரித்திருக்கிற கம்பளத்தைப் பார்த்தால் அம்மாளே கழற்றிவிடுவார்கள். வெள்ளத்தில் மட்டும் இறங்காது.

சத்தம் எப்படி என்று அவர்கள் கேட்கவில்லை. நானாகவே சொல்கிறேன். ஒரு நாள் எஞ்சினை ஓடவிட்டு வாசலில் நிறுத்தியிருந்தேன். குளிருக்கு இதமாக இருக்கிறதென்று கூலிக்காரர் வீட்டுக் கோழி ஒன்று முன்மூடியின்மேல் ஏறி உட்கார்ந்து தூங்கிவிட்டது. பஞ்சாலை எஞ்சினோடு மல்லுக்கட்டிக் காது மந்தமானவன் நான். இந்த எஞ்சினை முதல்முறை கிளப்பியபோது ஓடவில்லை என்று நினைத்து மறுபடியும் கிளப்பப் போனேன். துரை சிரித்தார்.

விளக்குகள் இரண்டும் பித்தளை. சாத்தினால் கதவு 'க்ளிக்' என்று நகைப்பெட்டிபோல் மூடும். மலைமேல் மேகம் இறங்குகிறபோது அதை ஓட்டினால் பூமியில் ஓடுகிறோமா என்றே தெரியாது.

இப்படிக்கு,
நேசையா


பாளையங்கோட்டை,
1911 ஜூலை 4.

அன்புள்ள அத்தான் அவர்களுக்கு,

கோழி சங்கதியைக் கேட்டு அம்மாள் வெற்றிலையைத் துப்பிவிட்டுச் சிரித்தார்கள். "கோழியே தூங்குதுன்னா, நானும் இங்கன தூங்கி அங்கன செந்தூர்ல முழிப்பேன்" என்றார்கள். மகள் வயிற்றுப் பேரப்பிள்ளைகளையும் ஏற்றிக்கொண்டு போவார்களாம். வண்டியை வாங்குவதாகவே முடிவு, துரைக்கும் எழுதியாயிற்று. ஆனால் ஒரு நிபந்தனை. ஓட்டுகிறவரும் கூடவே வரவேண்டும். மோட்டார் நிறுத்துகிற கொட்டகைக்குப் பக்கத்தில் வீடும் கொடுப்பார்களாம். நானும் அங்கேயே இருந்துகொண்டு, அவ்வூர்ப் பள்ளிக்கூடத்துக்கு மாற்றிக்கொள்ளலாமே என்று அவர்களாகவே சொன்னார்கள்.

மோட்டாரின் மூக்கு, கதவு, கம்பளம் எல்லாம் எழுதினீர்கள். பஞ்சாலையில் பிடித்த உங்கள் இருமல் எப்படி இருக்கிறது என்று ஒரு வரி எழுதக்கூடாதா? பள்ளிக்கூடத்தை விட்டு மலைக்கு வரமாட்டேன் என்றது நான்தான். அதற்காக இருமலைப் பற்றிக்கூடக் கேட்கக்கூடாது என்று இருக்கிறதா?

என் கேள்வி இன்னொன்று. இத்தனை அருமையான வண்டியைத் துரை ஏன் சீமைக்குக் கொண்டுபோகாமல் விற்கிறார்?

அன்புடன்,
பாக்கியவதி


நுவரெலியா,
1911 ஜூலை 15.

பிரியமுள்ள பாக்கியவதிக்கு,

இருமல் குறைந்துவிட்டது. வீடும் கொடுப்பார்கள் என்ற இடத்தைத் திரும்பத் திரும்ப வாசித்தேன். ஆற்றங்கரைச் சாலையில், இரண்டு பக்கமும் நெல் நிற்க, உன்னைப் பின்னால் உட்காரவைத்து ஓட்டுவதுபோல் நினைத்துப் பார்த்தேன்.

நீ கேட்டதற்குப் பொய் எழுத மனமில்லை. போன மழையில் துரை தாமே ஓட்டி, வளைவில் வழுக்கிப் பள்ளத்தில் விட்டார். முன்அச்சு வளைந்துபோயிற்று. தேயிலைக் கொட்டகை உலையில் வைத்து நான்தான் நிமிர்த்திப் போட்டேன். பார்த்தால் யாருக்கும் தெரியாது. வெறும் வண்டியாக ஓடினால் ஒன்றுமில்லை. ஆள் நிறைந்து, குண்டும் குழியுமான பாதையில் வேகமாகப் போனால் கையை மீறி ஒரு பக்கம் இழுக்கிறது. ஒரு நாள் முறிந்தாலும் முறியும். வாயைத் திறந்தால் வேலை போய்விடும் என்று துரை சொல்லியிருக்கிறார்.

நீ அம்மாளிடம் சொல்லவேண்டாம். ஓட்டப்போகிறவன் நான்தானே? பையத்தான் ஓட்டுவேன். ஊருக்கு வர எனக்கு வேறு வழி வாய்க்கவில்லை. வெறுங்கையோடு வந்து உன் அண்ணன்மார் முகத்தில் விழிக்க என்னால் ஆகாது.

உன் நேசையா


பாளையங்கோட்டை,
1911 ஜூலை 26.

அன்புள்ள அத்தானுக்கு,

சொல்லிவிட்டேன்.

சொல்லக்கூடாது என்று நினைத்துத்தான் போனேன். அம்மாள் பேரப்பிள்ளைகளைத் தரையில் வரிசையாக உட்காரவைத்து, "இது மோட்டாரு. நீ முன்னால, நீ பின்னால" என்று இடம் பிரித்துக்கொண்டிருந்தார்கள். சின்னவள் என் மடியில் ஏறி, "நான் வாத்திச்சியம்மாகிட்ட" என்றாள். அதற்குமேல் என்னால் முடியவில்லை.

அம்மாள் பிள்ளைகளை எழுப்பி முற்றத்துக்கு அனுப்பினார்கள். பிறகு கேட்டார்கள்: "நீங்க வாய மூடிக்கிட்டு இருந்தா ஒங்க வீட்டுக்காரரு கப்பலேறி வந்திருப்பாருல்லா? ஏன் சொன்னீய?" எனக்கு அழுகைதான் வந்தது. உங்கள் வேலைக்குக் கேடு வரக்கூடாது என்று கெஞ்சினேன். வேண்டாம் என்று மட்டும் துரைக்கு எழுதச் சொல்லிவிட்டார்கள், காரணம் எழுதவில்லை.

உங்கள் பேச்சை மீறினதற்குக் கோபப்படுங்கள். ஆனால் வாருங்கள். வண்டி இல்லை, வீடு இல்லை, வேலை இல்லை. ஊருக்கு வர உங்களுக்கு ஒரு காரணமும் இல்லாமல் நானே ஆக்கிவிட்டேன். காரணம் இல்லாமலே வாருங்கள் என்று கேட்கிறேன். அண்ணன்மாருக்கு நான் பதில் சொல்லிக்கொள்கிறேன்.

உங்கள் பாக்கியவதி


தூத்துக்குடி,
1911 செப்டம்பர் 2.

என் பாக்கியவதிக்கு,

இத்தனை நாள் பதில் எழுதாமல் இருந்தது கோபத்தால்தான். உன் கடிதத்தைக் கசக்கி அடுப்பண்டை போட்டேன். பிறகு எடுத்து நீவி வைத்தேன்.

போன வாரம் கண்டியிலிருந்து ஒரு டாக்டர் வண்டி பார்க்க வந்தார். பெண்சாதியையும் இரண்டு பெண்மக்களையும் கூட்டி வந்திருந்தார். துரை பக்கத்தில் நின்று வண்டியைப் புகழ்ந்துகொண்டிருந்தார். அந்தப் பிள்ளைகள் கதவைத் திறந்து பின் இருக்கையில் ஏறி உட்கார்ந்து, ஓட்டுங்கள் என்று என்னைப் பார்த்தார்கள். நான் எஞ்சினை நிறுத்தினேன். டாக்டரைக் கீழே குனியவைத்து, அச்சில் நான் அடித்த இடத்தைத் தொட்டுக் காட்டினேன்.

அன்று சாயங்காலமே துரை என்னை மலையிறக்கிவிட்டார். நான் போகும்போது அந்த மோட்டார் வாசலிலேதான் நின்றது. அதைத் துடைக்கிற துணி என் தோளில் கிடந்ததை ரயிலில்தான் பார்த்தேன்.

இன்று காலை கப்பலிலிருந்து இறங்கினேன். உடனே ரயிலேறியிருக்கலாம். திடீரென்று வந்து நின்றால் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் முன்னால் நீ என்ன செய்வாய் என்று நினைத்து, இங்கே தங்கி இதை எழுதித் தபாலில் போடுகிறேன். திங்கட்கிழமை மத்தியான வண்டியில் வருகிறேன். ஸ்டேஷனுக்கு யாரையும் அனுப்பாதே. பெட்டியைத் தலையில் வைத்துக்கொண்டு, ஆற்றுப் பாலம் கடந்து நடந்தே வருகிறேன். பையத்தான் வருவேன், பள்ளிக்கூடம் விட்டு நீ வீடு வந்து சேர நேரம் இருக்கும்.

உன் நேசையா