படிவத்தின் தலையில் ஒரு பிள்ளையார் சுழி

உ

மார்ச் 4

கதிரை வந்துவிட்டது. அதாவது கொழும்புக்கு வந்துவிட்டது, வீட்டுக்கு வரவில்லை. சுடலைமுத்து காலையிலேயே கொச்சிக்கடையிலிருந்து போன் எடுத்தார். "அக்கா, உங்க பெட்டி இறங்கியிருச்சு. வெள்ளிக்கிழமைக்குள்ள எடுத்துரலாம்." பதினாறு வருடமாக என் சரக்கைத் துறைமுகத்திலிருந்து எடுத்துத் தருகிற வார்ஃப் கிளார்க். அவர் வெள்ளி என்றால் வெள்ளிதான்.

பெட்டியில் நாற்பது ஊன்றுகோல், பன்னிரண்டு வோக்கர். அது கடைக்கு. ஒரேயொரு படியேறும் கதிரை. அது இவருக்கு. அடியில் பற்றரி, பின்னால் சில்லு. ஆளை இருத்தி ஒருவர் பின்னால் பிடித்துக்கொண்டால் படிப்படியாக இறங்குமாம். வெள்ளவத்தையில் பாதிப் பேரின் நாரி நோவுக்கும் முழங்கால் நோவுக்கும் சாமான் விற்கிற எனக்கு, சொந்தப் புருஷனை மூன்றாம் மாடியிலிருந்து கீழே இறக்க வழியில்லை. கார்த்திகையில் பாரிசவாதம் வந்து இவருக்கு இடது பக்கம் விழுந்துவிட்டது. ஆஸ்பத்திரியால் வீட்டுக்கு வந்த அதே கிழமை லிப்ட் நின்றது. முதலாம் மாடிக்காரர் தாங்கள் லிப்டில் ஏறுவதில்லை, அதனால் திருத்தவும் மாட்டோம் என்கிறார்கள்.

முப்பது வருடம் பின்னேரம் ஐந்தரைக்கு ரயில் பாதையைக் கடந்து கடற்கரைக்குப் போன மனுஷன். இப்போது பல்கனியில் இருந்து எதிர் பிளாட்டின் உடுப்புக் கொடியைப் பார்த்துக்கொண்டிருக்கிறார்.

"எப்பயாம்?" என்றார். வெள்ளி என்றேன். உடனே மகள் ரூபிகாவைக் கூப்பிட்டுச் சேவ் எடுத்துவிடச் சொன்னார்.

மார்ச் 5

சரக்கை எடுக்கச் சுங்கத்துக்குக் கொடுக்கிற படிவம் எழுதினேன். விபரம் எல்லாவற்றையும் கணினியில் ஏற்ற வேண்டும். ஏற்றியதை அச்செடுக்க வேண்டும். அச்செடுத்ததைப் பார்த்து உரிமையாளர் தன் கையால் ஒரு படிவத்தில் எழுத வேண்டும். எழுதியதை ஸ்கான் பண்ணி மறுபடி கணினியில் ஏற்ற வேண்டும். ஏன் என்று பதினாறு வருடமாக நான் கேட்டதில்லை. கேட்டால் அதற்கும் ஒரு படிவம் தருவார்கள்.

வழக்கம்போல இடது மூலையில் பிள்ளையார் சுழி போட்டுத்தான் தொடங்கினேன். பால் கணக்கென்றாலும் சுழி இல்லாமல் என் பேனை ஓடாது. இவருக்குச் சாமியும் இல்லை, பூதமும் இல்லை. கதிரையில் இருந்தபடி எட்டிப் பார்த்து, "உன்ர பிள்ளையார் கொன்டெய்னரிலயோ வாறவர்?" என்றார். இடது கை மடியில் கிடந்தாலும் வாய்க்கு ஒன்றும் இல்லை.

மார்ச் 7

வெள்ளி. கதிரை வரவில்லை.

இறக்குமதிப் பத்திரங்கள் கூடிப்போய்விட்டன, அவற்றைக் குறைக்க வேண்டும் என்று அரசாங்கம் ஒரு மீளாய்வுக் குழு போட்டிருக்கிறதாம். நல்ல விசயம். எதைக் குறைக்கலாம் என்று பார்ப்பதற்காகச் சில வியாபாரிகளின் பழைய பைல்களை எடுத்துப் போயிருக்கிறார்கள். அதில் என்னுடையதும் ஒன்று. பழைய பைல் இல்லாமல் புதுப் படிவத்தைச் சேர்க்க முடியாது.

"கொறைச்சு முடியிற வரைக்கும் ஒண்ணும் நகராதுக்கா," என்றார் சுடலைமுத்து.

இவரிடம் திங்கள் என்றேன்.

மார்ச் 13

குழுவிலிருந்து கடிதம். எந்தப் பத்திரம் தேவையில்லை என்று நீங்கள் நினைக்கிறீர்கள்? பதிலை மூன்று மொழியில், ஏழு பிரதி. ஒவ்வொரு பிரதியும் மற்ற ஆறைப் போலவே இருக்கிறது என்று ஒரு சமாதான நீதவானின் அத்தாட்சி.

"பிரதிகள் தேவையில்லை" என்று எழுதினேன். ஏழு பிரதி எடுத்து அனுப்பினேன்.

மார்ச் 20

நேரில் கூப்பிட்டிருந்தார்கள். பைல்கள் கதிரைகளில் இருந்தன, நான் நின்றேன். குழுவில் ஒன்பது பேர். செயலாளர் றஷ்மி என்று ஒரு சிங்களப் பிள்ளை, ரூபிகாவின் வயதுதான் இருக்கும், நல்ல மரியாதை. சுவரில் ஒரு படம் போட்டாள். சுவர் முழுக்க என் பிள்ளையார் சுழி! நான் போட்ட சுழி அவ்வளவு கோணலா என்றுதான் முதலில் தோன்றியது.

"ஆன்ட்டி, மேக்க மொக்கத?" இது என்ன என்று கேட்டாள்.

எனக்குத் தெரிந்த சிங்களத்தில் சொன்னேன். எழுதத் தொடங்க முதல் கணபதியை நினைத்துப் போடுவது. "ஆ, கண தெய்யோ!" என்று தலைவர் கதிரையிலிருந்து பாதி எழும்பி, படத்தைப் பார்த்துக் கும்பிட்டு, தான் குழுத் தலைவர் என்பது ஞாபகம் வந்து மறுபடி இருந்தார்.

றஷ்மி அடுத்த படத்தைப் போட்டாள். கோடும் கட்டமும். விசயம் இதுதான்: ஆயிரத்து இருநூறு படிவங்களை ஆராய்ந்திருக்கிறார்கள். மூலையில் இந்தக் குறி உள்ள படிவங்கள் மூன்று நாளில் முடிந்திருக்கின்றன. இல்லாத படிவங்களுக்குப் பதினொரு நாள். வேறு எந்த வித்தியாசமும் கண்டுபிடிக்க முடியவில்லை. என்ன காரணம் என்று என்னைக் கேட்டார்கள்.

எனக்கு என்ன தெரியும்? "பிள்ளையார்" என்றேன். ஒன்பது பேரும் எழுதிக்கொண்டார்கள்.

மார்ச் 21

சுடலைமுத்துவிடம் கேட்டேன். விழுந்து விழுந்து சிரித்தார்.

"அக்கா, கஸ்டம்ஸ் கவுண்டர்ல அந்த வயசான ஐயா இருக்காருல்ல, அவரு அந்தச் சுழியப் பாத்தாலே உங்க பேப்பர்னு கண்டுக்குவாரு. உங்க பேப்பர்ல இத்தன வருசத்துல ஒரு பிழை இருந்ததில்ல. அதனால வாசிக்க மாட்டாரு. நேரா சீல்தான்."

அவ்வளவுதான் சங்கதி. இதைக் குழுவுக்குச் சொன்னால் எல்லாம் ஒரு நிமிடத்தில் முடிந்துவிடும். அந்த மனுஷனின் பென்சனும் அதோடு முடிந்துவிடும். ஓய்வு பெற இன்னும் எட்டு மாதம்தான் அவருக்கு இருக்கிறது. எனக்குச் செய்த உபகாரத்துக்கு நான் செய்கிற கைம்மாறு இதுவா? வாயை மூடிக்கொண்டேன்.

இவரிடம் மட்டும் முழுக்கச் சொன்னேன். உடுப்புக் கொடியைப் பார்த்தபடியே கேட்டுக்கொண்டிருந்தார். "அப்ப கடவுள் இல்லை, கவுண்டர்தான்," என்றார். பிறகு, "எப்பயாம்?"

ஏப்ரல் 3

சுற்றறிக்கை வந்தது. வேலை துரிதமாக நடப்பதற்காக இனி எல்லா இறக்குமதியாளரும் படிவத்தின் இடது மூலையில் "ஆரம்பக் குறி" இட வேண்டும். அதற்கென்று ஒரு பெட்டி அச்சடித்திருக்கிறார்கள்.

பிறகு என்ன, என் படிவம்தான் முதலில் பறக்கும் என்று நினைத்தேன். மாலையில் திரும்பி வந்தது. குறி பெட்டிக்கு வெளியே இருக்கிறதாம். பெட்டி அச்சடிக்க முதலே எழுதிய படிவம் ஐயா அது!

ஏப்ரல் 4

பெட்டிக்குள் போட்டு அனுப்பினேன். திரும்பி வந்தது. எந்தக் குறி என்று இன்னும் அங்கீகரிக்கவில்லையாம்.

ஏப்ரல் 9

இறக்குமதியாளர் கூட்டம். கொம்பனித்தெருவில் பூட்டுக் கடை வைத்திருக்கிற சஜீத் எழும்பினார். "நாங்க காலாகாலமா எழுநூத்தி எம்பத்தாறு போடுறம். எங்கட பூட்டுக்கு மட்டும் ஏன் பதினொரு நாள்?" நியாயமான கேள்வி. கொட்டாஞ்சேனை மெழுகுதிரிக்காரர் தான் சிலுவை போடுவதாகச் சொன்னார். ஒருவர் தன் மகளின் பெயரில் முதல் எழுத்தைப் போடலாமா என்று கேட்டார். மூன்று மணித்தியாலம். கடைசியில் யாருக்கும் மனவருத்தம் இல்லாமல் ஒரு புள்ளி வைக்கலாம் என்று முடிவு. புள்ளியின் அளவைத் தீர்மானிக்க ஓர் உப குழு.

வெளியே வரும்போது சஜீத் சொன்னார்: "அக்கா, கோபிக்க வேணாம். ஒங்கட புள்ளையாரால மொத்த ஹார்பரும் நிக்குது."

கோபம் இல்லை. வெட்கமாகத்தான் இருந்தது.

ஏப்ரல் 14

புத்தாண்டு. ஒரு கிழமைக்கு ஒருவரும் வேலைக்கு வரமாட்டார்கள். இவர் கைவிசேசக் காசு தந்தார். "எப்பயாம்?" என்று என்னைக் கேட்கவில்லை, சுவரில் புதிதாக மாட்டிய கலண்டரைக் கேட்டார்.

ஏப்ரல் 22

இன்று இவர் கேட்கவில்லை.

ஏப்ரல் 23

இன்றும் கேட்கவில்லை. ரூபிகா சேவ் எடுக்க வந்தபோது, "ஆர் பாக்கப்போகினம்?" என்று முகத்தைத் திருப்பிக்கொண்டார். பல்கனிக்கும் வரவில்லை. கட்டிலில் சுவர்ப்பக்கம் பார்த்தபடி கிடக்கிறார். பயிற்சி கொடுக்க வருகிற மயூரி போகும்போது வாசலில் நின்று மெதுவாகச் சொன்னாள்: "அன்ரி, காலிலை பெலன் வருது. ஆனா அங்கிளுக்கு இப்ப மனமில்லை. வெளியிலை கொண்டு போகாட்டி கஷ்டம்."

என்ர பிழைதான். அந்த மண்டபத்திலை நிண்டுகொண்டு பிள்ளையார் எண்டு சொன்னது நான்தானே? தெரியாது எண்டு சொல்லியிருக்கலாம். பேனை கசிஞ்சது எண்டு சொல்லியிருக்கலாம். ஏன் சொன்னனான்? நாலு பேரைப் பிடித்துத் தூக்குவோமா என்றால் அதற்கும் சம்மதிக்கிறார் இல்லை. "என்னைப் பிரேதம் மாதிரி இறக்காத" என்கிறார்.

ஏப்ரல் 30

மீளாய்வு முடிந்ததாம். முடிவு: ஆரம்பக் குறி இடும் முறை கைவிடப்படுகிறது. பெட்டி இருக்கும், அதை வெறுமையாக விட வேண்டும். எந்தத் தாளின் முன்பக்கத்தில் குறி இருந்தாலும் படிவம் செல்லாது. பெட்டி ஏன் வெறுமையாக இருக்கிறது என்று உரிமையாளர் தன் கையால் எழுத இன்னும் இரண்டு தாள். இரண்டு பக்கமாக இருந்த படிவம் இப்போது நாலு பக்கம்.

"கொறைச்சுட்டாங்கக்கா," என்றார் சுடலைமுத்து.

மோசடியைத் தடுக்க ஒரு வியாபாரத்துக்கு ஐந்து வெற்றுப் படிவம்தான். ஐந்தும் முடிந்தால் புதிதாக விண்ணப்பித்து ஆறு கிழமை காத்திருக்க வேண்டும். எனக்கு எதற்கு ஐந்து? ஒன்று போதும்.

மே 5

ஒன்று போதவில்லை.

முதல் படிவம்: பேனையை வைத்தேன், சுழி விழுந்துவிட்டது. நான் போடவில்லை, கைதான் போட்டது. இரண்டாவது: அந்தப் பெட்டியின் மேல் ஒரு துண்டுக் கடதாசி ஒட்டிவிட்டு எழுதினேன். கடதாசியில் சுழி போட்டேன், மை ஊறி உள்ளே இறங்கியது. மூன்றாவது: சுழியை முதலில் வேறொரு தாளில் போட்டுப் பிள்ளையாரைத் திருப்திப்படுத்திவிட்டுத் தொடங்கினேன். நன்றாகத்தான் போனது. மூன்றாம் பக்கம் திருப்பினேன், புதுப் பக்கம் என்று கை நினைத்துவிட்டது.

ஐந்து வயதில் அரிசியில் கை பிடித்துப் பழக்கியது. ஐம்பத்துநாலு வயதில் எந்தக் குழு சொல்லி அதை மறக்க?

மே 7

நாலாவதும் போச்சு. ரூபிகாவை எழுதச் சொல்லலாம் என்றால் அவள் பெயர் வியாபாரப் பதிவில் இல்லை. மேசையில் தலையை வைத்து அழுதேன். சத்தம் வராமல்தான் அழுதேன். ஆனாலும் அறையிலிருந்து குரல் வந்தது.

"மலர், அதை இஞ்ச கொண்டு வா."

"என்னத்தை?"

"மிச்சமிருக்கிற படிவத்தை. கடை ரெண்டு பேரின்ர பேரிலதானே கிடக்கு? எனக்குத்தான் உந்தச் சுழி வியாதி இல்லை."

எழுப்பி இருத்தினேன். தலையணையை மடியில் வைத்து, அதன் மேல் பலகை வைத்து, தாள் நகராமல் நான் பிடித்துக்கொண்டேன். கார்த்திகைக்குப் பிறகு ஒரு எழுத்தும் எழுதாத மனுஷன். ஒரு வரிக்குப் பத்து நிமிடம். எழுத்தெல்லாம் மழைக்கு ஒதுங்கிய கோழி மாதிரி ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு நின்றன. பெட்டி ஏன் வெறுமையாக உள்ளது என்ற கேள்விக்கு "நீங்கள் சொன்னபடியால்" என்று எழுதினார். முடிய இரவுச் சாப்பாட்டு நேரமாகிவிட்டது. இடியப்பம் எடுக்கக் குசினிக்குப் போய் வந்து பார்த்தேன், படிவத்தை மடித்துக் கவருக்குள் வைத்து ஒட்டியும் விட்டார்.

மே 9

சுடலைமுத்துவின் போன். படபடவென்று கதைத்தார்.

"அக்கா, இன்னைக்கு அந்த ஐயா உங்க படிவத்த வாசிச்சாருக்கா! மொத பக்கம், ரெண்டாம் பக்கம், வாசிக்கிறாரு, வாசிக்கிறாரு. எழுத்து வேற ஆளோட எழுத்து, சுழியும் இல்ல. யாருதுன்னே அவருக்குப் புரியல. இது பதினொரு நாள்தான்னு நெனச்சிட்டேன். கடைசித் தாளைத் திருப்பிப் பின்னால பாத்தாரு. அவ்வளவுதான், சிரிச்சிட்டு டக்குனு சீல் அடிச்சிட்டாரு. பின்னால என்னக்கா போட்டீங்க?"

நான் ஒன்றும் போடவில்லையே! படம் எடுத்து அனுப்பினார். நாலாம் பக்கத்தின் பின்புறம், கீழ் மூலையில், கடுகளவு, நடுங்கி நடுங்கி ஒரு பிள்ளையார் சுழி.

போனைக் கொண்டுபோய் இவரின் முகத்துக்கு நேரே பிடித்தேன். "சாமி இல்லை எண்ட ஆள் செய்யிற வேலையே இது?"

"முன்பக்கத்திலதானே போடக்கூடாது எண்டவை," என்றார். பிறகு சுவரைப் பார்த்துக்கொண்டு, "சாமிக்கில்லை. உன்ர பேப்பர் எண்டு அந்த மனுசனுக்குத் தெரிய வேண்டாமோ?"

நான் குசினிக்குள் போய்விட்டேன்.

"மலர்," என்று கூப்பிட்டார். "எப்பயாம்?"

மே 13

கதிரை வந்தது. சுடலைமுத்துவும் இன்னொருவரும் மூன்று மாடியும் தூக்கிக்கொண்டு ஏறினார்கள். பெட்டியை வைத்து மூச்சு வாங்கும்போது வெளியே லிப்டின் மணி அடித்தது. லிப்டைத் திருத்திவிட்டார்களாம்! முதலாம் மாடிக்காரரின் மாமியார் கனடாவிலிருந்து வருகிறாராம்.

மூன்று பேரும் ஒருவரையொருவர் பார்த்தோம். இவருக்குத்தான் கோபம் வந்தது. "அந்த லிப்டில நான் ஏறமாட்டன். இந்தக் கதிரையிலதான் இறங்குவன். ஒவ்வொரு படியாய்."

சேவ் எடுக்கத் தண்ணீர் கொண்டுவரச் சொன்னார்.

மே 14

குழுவிலிருந்து கடிதம். மீளாய்வுக்கு ஒத்துழைத்ததற்கு நன்றி. மீளாய்வு எப்படி இருந்தது என்று இணைத்துள்ள படிவத்தில், ஏழு பிரதி...

நேரம் ஐந்து இருபது. ரூபிகா இவரைக் கதிரையில் இறக்கிக்கொண்டு கீழே போய்விட்டாள். மிச்சத்தைப் பிறகு எழுதலாம். கேற்றடியில் இருந்துகொண்டு ஊருக்கே கேட்கக் கத்துகிறார், கடல் வற்றப்போகுதாம்.